அனோடைசிங் அளவு மாற்றம்

அனோடைசிங் அளவு மாற்றம் என்பது, இயந்திரத்தில் கடைந்தெடுத்த அலுமினியப் பாகங்களின் மேல் மின்வேதி முறையில் ஆக்சைடுப் படலம் வளர்க்கப்படும்போது அவற்றின் பரிமாணங்களில் ஏற்படும் மாற்றமாகும். வண்ணப்பூச்சைப் போலன்றி, இப்படலம் அலுமினியத்தையே உட்கொண்டு வளர்கிறது. ஆதலால் அதன் தடிமனில் ஒரு பகுதி மட்டுமே மூல மேற்பரப்புக்கு வெளியே அமையும். கந்தக அமிலக் கரைசலில் உருவாகும் சாதாரணப் படலத்தில் இப்பகுதி ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கடின அனோடைசிங்கில் ஏறத்தாழ பாதி.

கணக்கீடு

50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கடினப் படலம் ஒவ்வொரு பக்கமும் 25 மைக்ரோமீட்டர் வெளியே வளரும். எனவே தண்டின் விட்டம் 50 மைக்ரோமீட்டர் கூடும். துளையின் விட்டம் அதே அளவு குறையும். இறுதி விட்டம் 20.00 மி.மீ. தேவைப்படின், தண்டை 19.95 மி.மீ. ஆகவும் துளையை 20.05 மி.மீ. ஆகவும் கடைய வேண்டும். 60 பாகைத் திருகு மரைகளில் பிட்ச் விட்டம் வெளிவளர்ச்சியைப் போல் நான்கு மடங்கு, அதாவது 100 மைக்ரோமீட்டர், மாறும். இதனால் மரைகள் பல வேளைகளில் படலம் படியாதவாறு மூடி மறைக்கப்படுகின்றன.

திருத்துதல்

பொருந்தாத பாகத்தின் படலத்தை வேதிமுறையில் நீக்கினாலும் பழைய அளவு மீளாது. படலமாக மாறிய உலோகம் இழக்கப்படுவதால், மேற்கூறிய தண்டு ஏறத்தாழ 19.90 மி.மீ. ஆகச் சிறுக்கும், துளை 20.10 மி.மீ. ஆக விரியும். எனவே வரைபடத்திலுள்ள அளவுகள் அனோடைசிங்கிற்கு முந்தியவையா, பிந்தியவையா எனக் குறிப்பிடுதல் இன்றியமையாததாகும்.