‘லிங்க் இல்லை சார்’: சொந்தப் பாதையின் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

பென்ஷன் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு மனப்பாடமான ஒரு வாக்கியம் உண்டு: “லிங்க் இல்லை சார், அப்புறம் வாங்க.” பணம் இருக்கிறது, அலுவலர் இருக்கிறார், கரண்டும் இருக்கிறது. ஆனால் லிங்க் இல்லை. அந்த லிங்க் எங்கிருந்து எங்கே போகிறது? யாருடையது? பெங்களூருவில் நெட்வொர்க் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கேட்டேன். “எங்க கம்பெனி டேட்டா சென்டரையும் கிளவுடையும் சேர்க்கிற தனி லைனைப் பார்த்துக்கறதுதான் சார் என் வேலை” என்றார். வரலாறு நடத்தியவனுக்கு அது போதுமா? இந்தத் தனி லைனுக்கும் ஒரு வரலாறு இருக்க வேண்டுமே என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தெளிவு. கிளவுட் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம். அது தரையில் நிற்கும் பெரிய கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள், குளிரூட்டும் இயந்திரங்கள், ஜெனரேட்டர்கள். அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவர்கள் அதைக் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். சொந்த வீடு வைத்திருப்பவர், வேலை பெருகியதும் டவுனில் ஒரு கிடங்கை வாடகைக்கு எடுப்பது போல. வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவே சாமான் போய்வர வழி வேண்டும். பொதுச் சாலையிலேயே போகலாம். அதுதான் இன்டர்நெட். நெரிசல் பெரிதாகி, சாமானும் விலை உயர்ந்ததாகிவிட்டால் தனிப் பாதை கேட்கத் தோன்றும். நம் கதை அந்தத் தனிப் பாதையைப் பற்றியது.

இந்தியாவில் தந்திக் கம்பி 1850-களில் வந்தது. கல்கத்தா அருகே சோதனை செய்து பார்த்த ஓஷாநசி என்ற மருத்துவர்தான் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். பிறகு 1885-ல் இந்தியத் தந்திச் சட்டம் வந்தது. கம்பி இழுத்துச் செய்தி அனுப்பும் உரிமை அரசுக்கு மட்டுமே, மற்றவர்கள் உரிமம் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். பல திருத்தங்களோடு அந்தச் சட்டம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம்மை ஆண்டது. அதன் இடத்தில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது 2023-ல்தான். ஆகவே ஒரு வங்கியோ ஆலையோ தன் இரண்டு ஊர் அலுவலகங்களை இணைக்க நினைத்தால், தானே கம்பம் நட முடியாது. தொலைபேசித் துறையிடம் ஒரு லைனை மாத வாடகைக்கு எடுக்க வேண்டும். ‘லீஸ்டு லைன்’ என்ற சொல் அந்த வழக்கத்தில் வந்தது. உரிமையாளர் ஒருவர், குத்தகைதாரர் இன்னொருவர். நம் ஊர்க் குத்தகை நிலம் மாதிரியே.

கணினிக் காலத்தில் இதன் முதல் பெரிய அத்தியாயம் நமக்குப் பக்கத்தில், பெங்களூருவில் நடந்தது. 1985-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் அங்கே வடிவமைப்பு மையம் தொடங்கியது. இங்கே எழுதும் வேலை கடல் கடந்து போக வேண்டும். அதற்காக அந்த அலுவலகத்துக்கென்றே செயற்கைக்கோள் இணைப்பு ஏற்பாடானது. ஆண்டெனா மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதையைப் பெங்களூருக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். பிறகு 1991-ல் மென்பொருள் தொழில்நுட்பப் பூங்கா என்ற மத்திய அரசு அமைப்பு வந்தது. தனித்தனியே ஆண்டெனா வைக்க முடியாத சிறிய கம்பெனிகளுக்கும் செயற்கைக்கோள் வழியைப் பகிர்ந்து கொடுத்தது. தர்மபுரி மாவட்டப் பிள்ளைகள் பஸ் ஏறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போனதற்குப் பின்னால் இந்த ஏற்பாடும் இருக்கிறது.

அதே காலத்தில் அரசுத் துறைகளும் தமக்கென வலைப்பின்னல்கள் அமைத்தன. தேசியத் தகவலியல் மையம் 1980-களின் பிற்பகுதியில் மாவட்டத் தலைநகரங்களைச் செயற்கைக்கோள் வழியே டெல்லியோடு இணைத்தது. ரயில்வேயில் முன்பதிவுக் கணினிகள் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து தீவுகளாக இருந்தன. ஒரு தீவின் கணினிக்கு இன்னொரு தீவின் இருக்கை தெரியாது. தனி லைன்களால் ஐந்தும் முழுமையாக இணைந்தது 1999-ல். எந்த ஊர் கவுன்டரிலும் எந்த ஊர் ரயிலுக்கும் டிக்கெட் என்பது அதன் பிறகுதான். அதே 1999-ல் ரிசர்வ் வங்கியின் ஆதரவில், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வங்கிகளுக்கு மட்டுமான ‘இன்ஃபினெட்’ வந்தது. 2000-ல் தண்டவாள ஓரம் கண்ணாடி இழை பதிக்க ரயில்டெல் தொடங்கப்பட்டது.

இதுவரை எல்லாப் பாதைகளும் நம் கணினிக்கும் நம் கணினிக்கும் நடுவே. 2006-ல் அமேசான் தன் சேமிப்பிடத்தையும் கணினிகளையும் வாடகைக்கு விட்டதோடு கதை திரும்புகிறது. இனி நம் கணினிக்கும் அடுத்தவர் கணினிக்கும் நடுவே பாதை வேண்டும். 2009-ல் அமேசான் ஒரு வழி சொன்னது: பொதுச் சாலையிலேயே வாருங்கள், ஆனால் பூட்டிய பெட்டியில் வாருங்கள். இன்டர்நெட்டில் மறைகுறியாக்கி அனுப்பும் வி.பி.என். முறை இது. பெட்டி பத்திரம்தான், ஆனால் சாலை நெரிசலை அது குறைக்காதே! 2011 ஆகஸ்டில் ‘டைரக்ட் கனெக்ட்’ என்ற பெயரில் தனிப் பாதையே வந்துவிட்டது. 2014-ல் மைக்ரோசாஃப்டின் ‘எக்ஸ்பிரஸ்ரூட்’, 2017-ல் கூகுளின் தனி இணைப்பு.

இது எப்படி வேலை செய்கிறது? கம்பெனியின் வாசலிலிருந்து கிளவுட் கட்டடம் வரை நேராகக் கேபிள் போடுவதில்லை. நடுவே ஒரு சந்திப்பு இடம் இருக்கிறது. நம் பஸ் நிலையம் மாதிரி. அங்கே கிளவுட்காரர் தன் ரவுட்டரை வைத்திருப்பார். கம்பெனி ஏதாவது ஒரு டெலிகாம் நிறுவனத்திடம் லைன் எடுத்து அந்த இடம் வரை வந்து சேரும். “இந்த எண்ணுள்ள துளையில் இவரை இணைக்கலாம்” என்று கிளவுட்காரர் ஓர் அனுமதிக் கடிதம் தருவார். அதைக் காட்டினால் கட்டடத்துக்காரர் இரண்டு ரவுட்டர்களுக்கும் நடுவே ஒரு கண்ணாடி இழையைச் செருகுவார். சில மீட்டர் நீளமுள்ள அந்த இழைதான் மொத்தக் கதையின் முடிச்சு. பிறகு இரண்டு ரவுட்டர்களும் ‘என் பக்கம் இந்த முகவரிகள் இருக்கின்றன’ என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும். அந்தப் பேச்சுமொழிக்கு பி.ஜி.பி. என்று பெயர். 1989-ல் இரண்டு பொறியாளர்கள் மதிய உணவு மேசையில் கை துடைக்கும் காகிதத்தில் அதை வரைந்தார்களாம். இன்டர்நெட் முழுக்க இன்றும் அதன் வழிவந்த மொழிதான் ஓடுகிறது.

சென்னையில் அந்தச் சந்திப்பு இடம் எது தெரியுமா? அமேசானின் பட்டியலில் உள்ள ஒரு சென்னை முகவரியின் பெயரில் வி.எஸ்.பி. என்று இருக்கிறது. விதேஷ் சஞ்சார் பவன். சுவாமி சிவானந்தா சாலையில் உள்ள பழைய வி.எஸ்.என்.எல். கட்டடம். நாட்டின் வெளிநாட்டுத் தொலைபேசியும் தந்தியும் ஒரு காலத்தில் அந்த அரசு நிறுவனத்தின் கையில்தான் இருந்தன. 1995 ஆகஸ்ட் 15-ல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்ததும் அதுவே. 2002-ல் அது டாடா கைக்குப் போனது. 2016-ல் அதன் டேட்டா சென்டர் தொழிலில் பெரும்பங்கைச் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று வாங்கியது. உரிமையாளர்கள் மாறினார்கள், வாசல் மாறவில்லை. கடலுக்கடியில் சிங்கப்பூரிலிருந்து 2002-ல் ஒரு கேபிளும் 2004-ல் இன்னொரு கேபிளும் சென்னைக் கரை ஏறின. கேபிள் இறங்கும் கரையைத் தேடித்தான் டேட்டா சென்டர்கள் வரும். மைக்ரோசாஃப்ட் 2015-ல் இந்தியாவில் கிளவுட் மையங்கள் திறந்தபோது புனே, மும்பையோடு சென்னையையும் தேர்ந்தெடுத்தது. அமேசான் 2016-ல் மும்பைக்கு வந்தது.

தூரம் ஏன் முக்கியம்? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலை வழி சுமார் 1,300 கி.மீ. போய்வர 2,600. ஆக 13 மில்லிநொடி. எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பாதையில் அதைவிடக் குறைக்க முடியாது.

இன்னொரு கணக்கு. ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் 100 டெராபைட் என்று வையுங்கள். 10 ஜிகாபிட் தனி லைனில் ஒரு நாளுக்குள் கிளவுடுக்குப் போய்விடும். 1 ஜிகாபிட்டில் ஒன்பது நாளுக்கு மேல். 1990-களின் தொடக்கத்தில் கம்பெனிகள் பெருமையோடு வாடகைக்கு எடுத்த 64 கிலோபிட் லைனில்? கிட்டத்தட்ட 400 ஆண்டுகள். நம்பாதவர்கள் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். தனிப் பாதை இருந்தால் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2021 செப்டம்பர் 2 அன்று ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். டோக்கியோவில் அமேசானின் தனிப் பாதைக் கருவிகளில் கோளாறு. காலை ஏழரை மணிக்குத் தொடங்கி சுமார் ஆறு மணி நேரம் நீடித்தது. வங்கிகள், விமான நிறுவனங்கள், பங்குத் தரகர்கள் தவித்தார்கள். காரணத்தைக் கேளுங்கள்: கோளாறு வந்தால் விரைவாகச் சமாளிக்க வேண்டும் என்று சேர்த்த ஒரு புதிய ஏற்பாடு, கருவிகளின் மென்பொருளில் ஒளிந்திருந்த பிழையைக் கிளப்பிவிட்டது. அன்று இன்டர்நெட் வழியும் வி.பி.என். வழியும் பாதிக்கப்படவே இல்லை. பெரும் பணம் கொடுத்த ராஜபாட்டை அடைபட்டிருக்க, பூட்டிய பெட்டியோடு பொதுச் சாலையில் போனவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மாற்றுவழி வைத்திருந்தவர் பிழைத்தார்.

நம் பக்கமும் பாடம் உண்டு. 2008 ஜனவரியில் எகிப்து அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவில் இன்டர்நெட் தவழ்ந்தது. 2015 வெள்ளத்திலும் 2016 வர்தா புயலிலும் சென்னையின் தொலைத்தொடர்பு தடுமாறியதை நாம் பார்த்தோம். நெடுஞ்சாலை ஓரம் ஜே.சி.பி. ஒரு கொத்து கொத்தினால் போதும். கண்ணாடி இழைக்கு அவ்வளவுதான் ஆயுள். இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள், அந்த இரண்டும் ஒரே பள்ளத்தில் போகின்றனவா என்று கேட்டார்களா? ‘தனி’ என்பதற்குப் ‘பூட்டியது’ என்று பொருள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. தனி லைனில் போகும் தகவலையும் மறைகுறியாக்கித்தான் அனுப்ப வேண்டும். அது தானாக நடக்காது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கதையில் ஒரு பழைய எதிரொலி கேட்கும். பாப்பாரப்பட்டியில் நினைவிடம் கொண்டிருக்கும் சுப்பிரமணிய சிவா, வ.உ.சி.யின் தோழர். வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது ஏன்? தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பாதையை ஆங்கிலேயக் கம்பெனி பிடித்து வைத்திருந்தது. போட்டி வந்ததும் அது கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. 1908-ல் இருவரும் சிறைக்குப் போனார்கள். சிறை சிவாவுக்குத் தொழுநோயைத் தந்தது. அந்த நோயைக் காட்டி அவர் ரயிலில் ஏறக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது. அவர் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராகப் போனார். 1925 ஜூலை 23-ல் இங்கே நம் மண்ணில் கண்மூடினார். பாதை யார் கையில் இருக்கிறதோ, யார் பயணம் செய்யலாம் என்பதும் அவர் கையில் என்பதை இந்த ஊர் அறியும்.

கிளவுடிலும் அதே கேள்விதான். பாதை சொந்தமாக இருக்கலாம், போய்ச் சேரும் துறைமுகம் அடுத்தவருடையது. அங்கே சரக்கை இறக்கப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. திரும்ப எடுத்து வரத்தான் கட்டணம். 2024-ல்தான் மூன்று பெரிய நிறுவனங்களும், மொத்தமாகக் காலிசெய்து போகிறவர்களுக்கு அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. பணப்பரிவர்த்தனைத் தகவல்கள் இந்தியாவுக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இந்தத் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒரு லைனுக்குக் கையெழுத்துப் போடும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது அறுந்தால் அடுத்த வழி எது? இரண்டு வழியும் ஒரே பள்ளத்தில் போகிறதா? வெளியே வர நினைத்தால் என்ன செலவு? மாற்றுவழியை எழுதிவைத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது முதல் லைனை நீங்களே நிறுத்திச் சோதித்துப் பாருங்கள். சிறிய பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் பெரும் பணத்தில் தனிப் பாதை வேண்டியதில்லை. நல்ல வி.பி.என்.-ம் இரண்டு வெவ்வேறு இணைப்புகளுமே போதும்.

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் திட்டம் நடக்கிறது. ஊருக்குள் இழை வந்துவிட்டால், இந்தக் கேள்விகள் பெங்களூரு கம்பெனிகளுக்கு மட்டும் உரியவையாக இருக்காது. கவுன்டர் முன்னால் வெயிலில் நின்று ‘லிங்க் இல்லை’ என்று கேட்டுத் திரும்பும் பாட்டிக்கும் உரியவை. ஒன்றைக் கவனியுங்கள், அவருக்கு மாற்றுவழி கிடையாது. அடுத்த பஸ் ஏறி மறுபடி வருவதுதான்.

உங்கள் அலுவலகத்தில் இது எப்படி இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எழுதினால் இன்னும் மகிழ்வேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்
பாப்பாரப்பட்டி