தொழுநோயும் 'தீட்டு' என்ற தீர்ப்பும்

ஆண்டின் பொதுக்காலம் 6ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டின் முதல் வாசகம் லேவியர் நூல் 13ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. நோய் கண்டவர் கிழிந்த உடையோடும் வாராத தலையோடும் இருக்க வேண்டும். மேலுதட்டை மூடிக்கொண்டு, தாம் தீட்டுள்ளவர் என்று குரலெழுப்ப வேண்டும். பாளையத்திற்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். கேட்பதற்கே நமக்கு வலிக்கிறது.

ஆனால் அங்கே பேசப்படுவது இன்று நாம் அறிந்த தொழுநோய்தானா? எபிரேய மூலத்தில் உள்ள சொல் 'ட்சாராத்'. இது ஆடையிலும் வீட்டுச் சுவரிலும்கூடப் படரும் என்று அதே நூல் சொல்கிறது. சுவருக்குத் தொழுநோய் வருமா? உடல் முழுவதும் வெண்மையாகிவிட்டால், அவர் தீட்டற்றவர் என்று குரு அறிவிக்க வேண்டுமாம் (லேவி 13:12-13). தொழுநோயின் முக்கிய அடையாளமான உணர்ச்சியற்ற தேமலைப் பற்றியோ ஒரு வார்த்தையும் இல்லை. பலவகைத் தோல் நோய்களையும் பூஞ்சையையும் சேர்த்துக் குறித்த சொல் இது என்பதே விவிலிய அறிஞர் பலரின் கருத்து. அங்கே குரு மருத்துவம் பார்க்கவில்லை. ஒருவர் வழிபாட்டுக்கு வரலாமா என்றே பார்த்தார்.

கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் இதை 'லெப்ரா' என்றார்கள். அது செதில் உதிரும் தோல் நோய்களுக்கான பெயர். இலத்தீன் விவிலியமும் அதையே வைத்துக்கொண்டது. இடைக்காலத்தில் அதே பெயர் உண்மையான தொழுநோய்க்கும் வந்தபோது, லேவியர் நூலின் தீட்டும் கூடவே ஒட்டிக்கொண்டது. 1179இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம் தொழுநோயாளருக்குத் தனிக் கோவிலும் தனிக் கல்லறையும் தனிக் குருவும் வைத்துக்கொள்ள அனுமதி தந்தது. இரக்கத்தால் தந்த அனுமதிதான். ஆயினும் கல்லறையிலும் பிரிவு.

மிரியாமும் அரசர் உசியாவும் தண்டனையாக இந்நோய் பெற்றதை மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். நாமான் இந்நோயோடே சிரியா நாட்டுப் படைத்தலைவராக இருந்தாரே (2 அர 5), அதை யார் சொல்கிறார்கள்? 'பாவம் என்னும் தொழுநோய்' என்ற உவமையை நாம் கைவிடுவது நல்லது. குணமடைந்த ஒருவர் அதே கோவிலில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கக்கூடும்.

இயேசு அந்த மனிதரைக் குணமாக்கிய பிறகு தொடவில்லை. தொட்டுத்தான் குணமாக்கினார் (மாற் 1:41). அதன் பின் ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் தனிமையான இடங்களில் தங்கியவர் இயேசுவே (1:45). ஊருக்கு வெளியே இருந்தவரின் இடம் அவருக்கு வந்தது.

1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். 1981இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது; அதனால் நோய் முற்றிலும் குணமாகிறது. அப்படியிருந்தும், இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்தில் 2001இல் செய்த திருத்தம், 'குணப்படுத்த இயலாத' தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. 2019இல்தான் அது நீக்கப்பட்டது.