தெருமூடி மடத்திலிருந்து கண்டலம வரை

'சூழல்நேய விடுதி' என்னும் சொற்றொடர் இன்று சுற்றுலா விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகின்றது. கிராமத்தில் நான்கு அறைகளைக் கட்டி, கூரைக்கு ஓலை வேய்ந்துவிட்டாலே அப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் பரவிவருகின்றது. சொல் புதியது. ஆனால், நிலத்துக்கும் நீருக்கும் ஊறு செய்யாது வழிப்போக்கனைத் தங்கவைக்கும் வழக்கம் இத்தீவில் மிகப் பழையது. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது இன்றைய தேவை எனக் கருதுகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மக்கள் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் பயணித்த காலத்தில், வீதியோரங்களில் மடங்கள் இருந்தன. மடம் தனித்து நின்றதில்லை. அருகே கிணறோ கேணியோ இருக்கும்; தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கி இருக்கும்; மாடுகள் உடலை உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல் இருக்கும். மனிதனுக்கு மட்டுமன்றி, அவனைச் சுமந்துவந்த விலங்குக்கும் அங்கு இடமிருந்தது. பருத்தித்துறையில் உள்ள தெருமூடி மடம் இம்மரபின் அரிய எச்சமாகும். வீதியின் இருபுறமும் கற்றூண்களும் திண்ணைகளும், மேலே வீதியையே மூடிய கூரையுமாக அது அமைந்துள்ளது.

சிங்களக் கிராமங்களில் இதே பணியை 'அம்பலம' செய்தது. குருநாகல் மாவட்டத்தில் நாரம்மலைக்கு அண்மையிலுள்ள கரகஹகெதர அம்பலம, நான்கு பாறைகளின் மீது பருத்த மரச்சட்டங்களைக் கிடத்தி எழுப்பப்பட்டது. மண்ணை அகழாமல், நிலத்தைச் சமப்படுத்தாமல், இருந்த கல்லையே அத்திவாரமாகக் கொண்ட கட்டடம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் உத்தியோகத்தரின் பயணத்துக்காக வாடிவீடுகள் பெருகின. 1966 இல் இலங்கைச் சுற்றுலாச் சபை நிறுவப்பட்ட பின்னரே உல்லாசப் பயணம் ஒரு கைத்தொழிலாக வளர்ந்தது. விடுதிகள் முதலில் கடற்கரையை நிறைத்தன; பின்னர் உள்நாட்டுக் கிராமங்களை நோக்கி நகர்ந்தன. முரண்பாடும் கூடவே வந்தது.

அம்முரண்பாடு வெடித்த இடம் கண்டலம. தம்புள்ளைக்கு அருகே, புராதன கண்டலம குளத்தை நோக்கிய மலைச்சரிவில் எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் பெரும் விடுதியொன்றை நிர்மாணிக்க முற்பட்டபோது, 1992 இல் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. பௌத்த பிக்குகள், சூழலியலாளர், பிரதேச மக்கள் எனப் பல தரப்பினரும் அதில் இணைந்தனர். கழிவுநீர் குளத்தைக் கெடுக்கும், காடு அழியும், தம்புள்ளைக் குகை விகாரையின் புனிதம் குலையும் என்பன அவர்களது அச்சங்கள். அவ்விகாரை உலக மரபுரிமைத் தலமாகப் பிரகடனப்படுத்தப்பட்டு அப்போது ஓராண்டே ஆகியிருந்தது. நான் பத்திரிகைத் துறையில் காலடி வைத்திருந்த புதிது அது. போர்ச் செய்திகளே பக்கங்களை நிறைத்த அந்நாட்களில், ஒரு குளத்து நீருக்காக மக்கள் திரண்ட செய்தி என் மனதில் ஆழப் பதிந்தது.

விடுதியை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. சீகிரியாக் குன்றுக்கு அருகே முதலில் காட்டப்பட்ட காணியை ஏற்க மறுத்து, தொலைவிலிருந்து குளத்துக்கு அப்பால் குன்றைப் பார்க்கும் இவ்விடத்தைத் தெரிவுசெய்தவர் அவரே. மலையை வெட்டிச் சமப்படுத்தாமல், பாறையின் வளைவை ஒட்டியே நீண்ட கட்டடத்தைத் தூண்கள் மீது நிறுத்தினார். மழைநீர் அதன் கீழாக வழிந்தோடும். நடைகள் காற்றுக்குத் திறந்தவை. பாறை உள்ளே நீண்டு வருகின்றது. தட்டைக் கூரைகளிலும் முகப்பிலும் செடிகொடிகள் படர்ந்துள்ளன. கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்ச்சப்படுகின்றது. 1994 இல் விடுதி திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டில், அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் 'லீட்' சான்றிதழை அந்நாட்டுக்கு வெளியே பெற்ற முதற் கட்டடம் என்ற பெருமையும் அதற்குக் கிடைத்தது.

இதனைக் கொண்டு, எதிர்த்தவர்கள் தவறிழைத்தனர் என்று கூறுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. குளத்து நீரைப் பற்றிய கேள்வியை எவரும் எழுப்பாத இடத்தில், விடை தேடும் அவசியமும் எவருக்கும் ஏற்படுவதில்லை. மேலும், சான்றிதழ் கட்டடத்தை அளக்கும். வருமானத்தில் கிராமத்தவருக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை அது அளப்பதில்லை.

2009 இல் போர் முடிவுற்ற பின் வடக்கிலும் விடுதிகள் பெருகியுள்ளன. ஊரிலுள்ள பழைய வீட்டைத் திருத்தித் தங்குமிடமாக்கும் எண்ணம் புலம்பெயர்ந்த உறவுகள் பலருக்கும் உண்டு. நல்ல எண்ணமே. ஆனால் குடாநாடு கண்டலம அன்று. இங்கு வற்றாத ஆறு கிடையாது. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தேங்குகின்றது. அதுவே கிணற்று நீர். அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறும். மலசலகூடக் குழியின் கசிவு வெடிப்புகள் வழியே அயலவர் கிணற்றை அடையும். இரசாயன உரத்தாலும் இத்தகைய கசிவாலும் நைத்திரேற்று மிகுந்த கிணறுகள் ஏற்கெனவே இங்குண்டு. இந்நிலையில், கூரையில் ஓலை வேய்ந்துவிட்டு முற்றத்தில் நீச்சல் தடாகம் அமைப்பதைச் சூழல்நேயம் என்று எவ்வாறு அழைப்பது?

எமது முன்னோரின் வீடுகளில் இதற்கான பாடங்கள் உள்ளன. நாற்சார் வீட்டின் நடுமுற்றம் காற்றையும் வெளிச்சத்தையும் தந்தது. குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் போனது. கிளுவை வேலி காணிக்கு எல்லையாகவும் தோட்டத்துக்குப் பசளையாகவும் பயன்பட்டது. இவற்றோடு கசிவற்ற கழிவுத்தொட்டியும் மழைநீர்ச் சேகரிப்பும் சேருமாயின், ஒரு சிறு கிராம விடுதிக்கு வேண்டிய அடிப்படை அமைந்துவிடும்.

விடுமுறைக்கு ஊர் திரும்பும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்குமிடத்தை ஒழுங்குசெய்யும்போது குளிரூட்டியும் இணைய வசதியும் உண்டா என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகின்றது, கழிவு எங்கே போகின்றது, சமையலுக்கான மரக்கறியும் மீனும் யாரிடம் வாங்கப்படுகின்றன என்ற மூன்றையும் கேளுங்கள். விருந்தினர் கேட்கத் தொடங்கினால், விடுதி நடத்துவோர் விடை தேடியே ஆகவேண்டும்.