மீன்பாடி வண்டி டு எலெக்ட்ரிக் கார்கோ பைக்... வடசென்னைக்கு எது செட் ஆகும்?

அதிகாலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பக்கம் போயிருக்கிறீர்களா? ஏலம் முடிந்ததும் ஐஸ் போட்ட மீனோடு வெளியே வரும் மீன்பாடி வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் சரக்குத் தட்டு. பின்னால் ஒரு சக்கரம், அதன்மேல் மிதிப்பவர்.

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிட்டத்தட்ட இதே வண்டிக்கு 'கார்கோ பைக்'னு பேர். அங்கே கிறிஸ்டியானியா பகுதியில் 1984-ல் உருவான, முன்னால் பெட்டி வைத்த மூன்று சக்கர சைக்கிள் ரொம்பவே பிரபலம். குழந்தைகளை ஸ்கூலில் விடுவது முதல் மளிகை வாங்குவது வரை எல்லாம் அதில்தான். அங்கே அது ஸ்டைல், இங்கே பிழைப்பு!

பிழைப்பு என்பதால்தான் சிக்கலும். லோடு ஏற்றிக்கொண்டு பாலம் ஏறினால் முழங்கால் கழன்றுவிடும். அதனால்தான் பலர் பழைய ஸ்கூட்டர் இன்ஜினை மாட்டிக்கொண்டார்கள். ஆனால், மிதிவேகத்துக்கான பிரேக், இன்ஜின் வேகத்துக்குத் தாங்காது. பதிவும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டியில் விபத்து நடந்தால், மாட்டிக்கொள்வது ஓட்டுபவர்தான்.

சார்ஜ் கணக்கு

எலெக்ட்ரிக் கார்கோ பைக்கில் நீங்கள் மிதிக்க மிதிக்க, மோட்டார் கூடவே தள்ளிவிடும். 48 வோல்ட், 15 ஆம்பியர்-ஹவர் பேட்டரி என்றால் 720 வாட்-ஹவர். லோடோடு கிலோமீட்டருக்கு 20 வாட்-ஹவர் செலவானால் 36 கி.மீ ஓடும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்த் திரும்ப இது போதும். ஃபுல் சார்ஜுக்கு ஒரு யூனிட் கரன்ட்கூட ஆகாது.

லைசென்ஸ் வேணுமா?

மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ-க்குள் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை அமைப்பின் சான்றும் இருந்தால், மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ், பதிவு தேவையில்லை. ஆனால், பழைய மீன்பாடியில் ஒரு மோட்டார் கிட்டை நாமே மாட்டினால் இந்தச் சலுகை தானாக வந்துவிடாது. வாங்கும்போது சான்றைக் கேட்டுப் பாருங்கள்.

வெலோமொபைல் சரிப்படுமா?

சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும், முழுக்க மூடிய மூன்று சக்கர சைக்கிள்தான் வெலோமொபைல். பிரான்ஸில் சார்லஸ் மோஷே 1930-களிலேயே 'வெலோகார்' என்ற பெயரில் பெடல் கார்கள் செய்து விற்றார். கூடு காற்றைக் கிழித்துக்கொண்டு போவதால் குறைந்த உழைப்பில் நல்ல வேகம் கிடைக்கும்.

ஆனால், அதன் உயரம் சுமார் ஒரு மீட்டர்தான். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரிகளின் டிரைவர் கண்ணில் படவே படாது. மே மாத வெயிலில் கூட்டுக்குள் உட்கார்ந்தால் ஆவியில் வெந்துவிடுவோம். வடசென்னைக்கு இப்போதைக்கு இது வேண்டாம்!

கவனிக்க வேண்டியவை

* கன்டெய்னர் லாரியின் இடதுபக்கம் நுழையவே நுழையாதீர்கள். அது டிரைவருக்குத் தெரியாத இடம். சிக்னலில் அவருக்கு முன்னால் போய் ஒட்டி நிற்பதும் ஆபத்து.
* கடல் காற்றின் உப்பு செயின், போல்ட், வயர் இணைப்பு எல்லாவற்றையும் அரிக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் செயினுக்கு ஆயில் விடுங்கள்.
* மழைநீர் தேங்கிய சாலையில் மோட்டார் மூழ்கும் ஆழத்தில் இறக்காதீர்கள்.
* வெயிலில் ஓடிய பேட்டரியை உடனே சார்ஜ் போடாமல், சூடு தணிந்த பிறகு போடுங்கள். வீட்டு வாசலை மறித்தோ, படுக்கை அருகிலோ சார்ஜ் போட வேண்டாம்.
* டிஸ்க் பிரேக், பின்பக்க ரிஃப்ளெக்டர், லைட் மூன்றும் கட்டாயம்.

வண்டி ரெடி. ரோடு? 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கும், துறைமுகத்திலிருந்து மார்க்கெட்டுக்கும் சரக்கோடு போகிறவருக்கு லாரிகளுக்கு நடுவேதான் வழி. கோபன்ஹேகனில் கார்கோ பைக் ஓடுவதற்குக் காரணம் வண்டி மட்டுமல்ல. அதற்கென்று பிரித்துவிட்ட பாதையும்தான். வண்டி நம்மிடம் எப்போதோ இருக்கிறது. பாதைதான் பாக்கி!