போனுக்குள் வந்த மனநல டாக்டர்

பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுபவனுக்கு மருத்துவ வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். ஊரை விட்டு வந்த நம் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

2020 மார்ச் 25. நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய நாள். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகள் வெளியானதும் அதே நாளில்தான். அதுவரை போனில் பேசி மருந்து எழுதலாமா கூடாதா என்பதற்குத் தெளிவான விதி இல்லை. 2018-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில் கடுமையாகச் சொன்ன பிறகு டாக்டர்களுக்குப் பயம் வேறு. அந்தப் பயத்தை இந்த நெறிமுறைகள் போக்கின. மாதக் கடைசிக்குள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல உதவிக்கான தொலைபேசி எண்ணையும் கொண்டுவந்துவிட்டது.

இது வானத்திலிருந்து குதித்ததல்ல. சாரதா மேனன் சென்னையில் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010-லேயே புதுக்கோட்டைக் கிராமங்களுக்குப் பேருந்து அனுப்பியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து சென்னை டாக்டரிடம் திரை வழியே பேசுவார். மாத்திரையும் பேருந்திலேயே கிடைக்கும். ஆக, வழி முன்பே தெரியும். விதிதான் தாமதமாக வந்தது.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் மருந்துகளைப் போனில் எழுத அந்த நெறிமுறைகள் தடை விதித்தன. ஒற்றை அறை வீட்டில், யாரால் மனம் நொந்ததோ அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, ஒரு பெண் போனில் எதைப் பேசுவாள்?

இன்னொன்று மொழி. வயிற்றுவலியை உடைந்த ஹிந்தியில் சொல்லிவிடலாம். "மனசு கிடந்து அடிச்சுக்குது" என்பதை எப்படிச் சொல்வது? லூதியானாவிலும் சூரத்திலும் ஊரடங்கில் மாட்டிக்கொண்ட நம் ஆட்களுக்குத் தேவைப்பட்டது தமிழ் கேட்கும் ஒரு காது.

2022 பிப்ரவரி பட்ஜெட்டில் தேசிய தொலைமனநலத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே வருடம் அக்டோபர் 10, உலக மனநல நாளில், டெலி மானஸ் தொடங்கியது. எண் 14416. கட்டணம் இல்லை, இருபத்துநாலு மணி நேரமும் உண்டு. 20 மொழிகளில் தமிழும் ஒன்று.

பெருந்தொற்று நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டது ஏராளம். வரவுப் பக்கத்தில் எழுத இருப்பது கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. அந்த ஐந்து இலக்கத்தை போனில் போட்டு வையுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மா போனிலும்தான்.