கூடலூர் வந்து சேர்ந்த தூக்க மாத்திரை

1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் நட்லி நகரில், ரோஷ் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தை ஒழித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு வருடமாக யாரும் தொடாமல் கிடந்த ஒரு பொடி வேதியியலாளர் ஏர்ல் ரீடரின் கண்ணில் பட்டது. தூக்கிப்போடுவதற்கு முன் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மயங்கி விழாமலே அவை சாந்தமாயின. பொடியைத் தயாரித்தவர் லியோ ஸ்டெர்ன்பாக். போலந்தின் கிராக்கோவில் இளவயதில் தொடங்கிய ஆராய்ச்சியின் மிச்சம் அது. நாஜிகளுக்குத் தப்பி 1941இல் அமெரிக்கா போன அந்த யூத வேதியியலாளரோடு அந்த ஆராய்ச்சியும் கடல் தாண்டியிருந்தது.

அந்தப் பொடி 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 1963இல் அதன் தம்பி வாலியம், அதாவது டயசிபாம், வந்தது. அதற்கு முன்பு தூக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட பார்பிட்யூரேட் கொஞ்சம் கூடினாலும் உயிரைக் குடித்தது. புதியது அப்படிச் செய்யவில்லை என்பதால் மருத்துவர்கள் தயங்காமல் எழுதினார்கள். 1978இல் மட்டும் சுமார் 230 கோடி வாலியம் மாத்திரைகள் விற்றன. ஆனால் எச்சரிக்கை 1961லேயே வந்துவிட்டது. அதிக அளவில் லிப்ரியம் சாப்பிட்டுவந்த 11 பேருக்கு மருத்துவர் லியோ ஹாலிஸ்டர் திடீரென்று வெற்று மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேர் படாதபாடு பட்டார்கள். இருவருக்கு வலிப்பே வந்தது.

அதே குடும்பத்தில் பின்னால் பிறந்த அல்பிரசோலம், லோராசிபாம், குளோனசிபாம் எல்லாம் இன்று தேனி மாவட்டக் கூடலூரின் மருந்துக்கடை வரை வந்துவிட்டன. விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்ணும், திராட்சை விலை சரிந்து தூக்கம் கெட்ட விவசாயியும் இவற்றைக் கேட்பது ‘தூக்க மாத்திரை’ என்றுதான். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக் கூடாது. 2014 மார்ச் முதல் அமலில் உள்ள எச்1 அட்டவணைப்படி, அல்பிரசோலம், டயசிபாம் போன்றவற்றை விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் கடை வாசல் வரை வரும். பழைய சீட்டையே நீட்டி வருடக்கணக்கில் வாங்குவதைக் கவனிக்க வேண்டியது மருத்துவரும் வீட்டாரும்தான்.

விழுங்கிய மாத்திரை மூளையில் ‘காபா’ என்னும் அடக்கும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது. குமுளி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போவதைப் போல, தினமும் தின்னத் தின்ன அந்த அடக்கமும் தளர்கிறது. அரை மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். வயதானவர்களிடம் தள்ளாட்டம், கீழே விழுதல், மறதி, குழறல் தெரியும். வீட்டில் ‘வயசாயிருச்சு’ என்பார்கள். மதுவோடோ ஓபியாய்டு வலி மாத்திரையோடோ சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம்.

ஆளை ஏமாற்றுவது நிறுத்தும்போது வரும் தொல்லை. அல்பிரசோலத்தை விட்ட ஓரிரு நாளில் படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முற்றினால் மனக்குழப்பமும் வலிப்பும். டயசிபாம் உடம்பில் நாள்கணக்கில் தங்குவதால் இவை தலைகாட்ட ஒரு வாரம்கூட ஆகலாம். மாத்திரை தொடங்கியதே படபடப்புக்காகத்தான் என்பதால், பழைய நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி வாங்குகிறார்கள். விட்ட நாளையும் தொல்லை தொடங்கிய நாளையும் கேட்டுப் பார்க்கும் மருத்துவருக்கு உண்மை பிடிபடும்.

சிகிச்சையின் முதல் விதி: திடீரென்று நிறுத்தாதே. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 12 ஆண்டுகள் இதற்கென்றே மருத்துவமனைப் பிரிவு நடத்திய ஹெதர் ஆஷ்டன் ஒரு வழியைப் பரப்பினார். சீக்கிரம் கரையும் மாத்திரையை மெல்லக் கரையும் டயசிபாமுக்கு மாற்றி, ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் குறைப்பதே அது. மாதக்கணக்கில் ஆகலாம். கல்லீரல் கெட்டவர்களுக்கும் முதியவர்களுக்கும் மாத்திரையும் வேகமும் வேறுபடும். முன்பு வலிப்பு வந்தவர், நிறைய சாப்பிடுபவர், குடியும் உள்ளவர் மருத்துவமனையில் தங்கித்தான் விட வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்கு முதல் வேலை மூச்சைக் காப்பது. முறிமருந்தான ஃபுளுமசெனில், பழகிய உடம்பில் வலிப்பைக் கிளப்பிவிடும் என்பதால் யோசித்தே போடுவார்கள்.

கூடலூர்க்காரர் இதற்குக் கம்பம், சின்னமனூர் தாண்டிக் கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கிளம்புமுன் பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. புதிதாக எழுதும் மருத்துவருக்கு 1988லேயே பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எல்லை சொல்லிவிட்டது: இரண்டிலிருந்து நான்கு வாரம், அதுவும் கடுமையான தொல்லைக்கு மட்டும். முதல் சீட்டு எழுதும் அன்றே எப்போது நிறுத்துவது என்றும் அதில் எழுதிவிட்டால், இத்தனை பாடும் பெரும்பாலும் தேவைப்படாது.