சரித்திரத் தொடர்கதை

மெய்யாக வாழ்ந்த அரசர்களோடு கற்பனை மாந்தரையும் உலவவிட்டு, வாரப் பத்திரிகையில் இத்தனாம் அத்தியாயம் என்று வந்த சாகசக் கதையே சரித்திரத் தொடர்கதை. பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை ஒரு வீட்டில் எல்லாரும் கூச்சமின்றிப் படிக்கலாம் என்பது அதன் முதல் தகுதி. இவ்வகையில் தமிழர் மிகுதியாகப் படித்த நாவல், கடலூர் மாவட்டத்து ஏரிக்கரை ஒன்றில் தொடங்குகிறது.

மேலைநாட்டு எழுத்தாளர்களுக்கு இந்த வகையில் பெருஞ்சுரங்கமாக அமைந்தது எகிப்து. 1822-இல் ஷாம்போலியோன் அந்நாட்டுச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கண்டார்; பின்னாலேயே நாவல்கள் வந்தன. 1864-இல் எகிப்திய இளவரசியைப் பற்றி எழுதிய ஜெர்மானியர் ஜார்ஜ் எபர்ஸ், தாமே எகிப்திய ஆய்வாளர். 1889-இல் ரைடர் ஹாகார்டின் ‘கிளியோபாட்ரா’வும் ஜி. ஏ. ஹென்ட்டியின் ‘புபாஸ்டிஸ் பூனை’யும் வெளிவந்தன. பருந்தைக் குறிவைத்த அம்பு தப்பித் தெய்வப் பூனை ஒன்று செத்துப்போக, அதற்காக ஊரே பழிவாங்கக் கிளம்புவதுதான் ஹென்ட்டி கதையின் முடிச்சு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் கிளைவை வைத்தும் அவர் 1884-இல் ஒரு நாவல் எழுதினார். 1749-இல் கிளைவ் பங்கெடுத்த தாக்குதல் நடந்த தீவுக்கோட்டை, சிதம்பரத்துக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள கிள்ளைக்குத் தெற்கே கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. ஆனால் ஹென்ட்டி எழுதியது இங்கிலாந்துப் பையன்களுக்காக. இந்த மண்ணைக் கதையாக்க வேறொருவர் வரவேண்டியிருந்தது.

தமிழில் முதல் சரித்திர நாவல் எனப்படும் ‘மோகனாங்கி’யை, திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப் பிள்ளை 1895-இலேயே எழுதிவிட்டார். சோழர் கதைக்கோ கல்வெட்டுகள் படிக்கப்படும்வரை அடித்தளம் கிடையாது. 1886-இல் அரசின் கல்வெட்டறிஞராக ஹுல்ட்ஷ் வேலையைத் தொடங்கினார். 1935-இல் நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாற்றின் முதல் தொகுதி வந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அதே வரலாற்றைத் தமிழில் எழுத, பல்கலைக்கழகம் 1949-இல் முதற்பகுதியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே கல்கி ‘பொன்னியின் செல்வன்’ எழுதத் தொடங்கிவிட்டார். சாஸ்திரியார், பண்டாரத்தார் இருவர் நூலும் அவருக்குக் கைகொடுத்தன.

ஆடிப் பதினெட்டாம் நாள் கதைநாயகன் வந்தியத்தேவன் குதிரையில் வரும் வீரநாராயண ஏரி, முதலாம் பராந்தகன் காலத்தது. இன்று சென்னைக்குக் குடிநீர் அனுப்பும் அதே வீராணம். கிள்ளையிலிருந்து மேற்கே சிதம்பரத்தைத் தாண்டிப் போனால் காட்டுமன்னார்கோவில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில்தான் நாவலின் உயிர்நாடியான கல்வெட்டு இருக்கிறது. முதலாம் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது, பாண்டியன் தலைகொண்ட கரிகாலனை, அதாவது இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளுடைய சுற்றத்தாரின் நிலங்களைப் பற்றிய ஆணை. சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் என்று பெயர்கள் வரிசையாக வருகின்றன. ஒரு நில ஆவணத்தில் கிடந்த ரவிதாசனைத்தான் கல்கி நள்ளிரவுச் சதிக் கூட்டத்துக்குத் தலைவனாக்கினார்.

கொலைக்குப் பின்னால் இருந்தது யார்? சாஸ்திரியாரின் சந்தேகம் பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் விழுந்தது; பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்கியோ குத்தியது யார் என்பதையே மூட்டமாக விட்டுவிட்டார். நாவலாசிரியருக்கு அதுவே சாதகம். இன்றைக்கும் வாசகர்கள் சண்டை போட்டுக்கொள்ள ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது.

1954 வரை மூன்றரை ஆண்டுக்கும் மேலாகத் தொடர் ஓடியது. இதழ் வந்ததும் முதலில் யார் படிப்பது என்று வீட்டில் தகராறு. ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பதும் உண்டு. பிறகு அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, ஓவியர் மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்தார்கள். வந்தியத்தேவன் சுரங்கப் பாதையில் தட்டுத் தடுமாறும் பக்கத்தைப் புரட்டினால், பின்புறம் ஏதாவது ஒரு தைல விளம்பரமோ பாதி அறுபட்ட துணுக்கோ இருக்கும். அச்சு நூலில் அந்தச் சுகம் இல்லை.

கல்கிக்குப் பின் குமுதத்தில் சாண்டில்யன் கடலைப் பிடித்தார். அவருடைய ‘யவன ராணி’யில் புகாருக்கு வரும் யவனர்களில் ஒருவன் பெயர் ஹிப்பலாஸ். பருவக்காற்றைப் பயன்படுத்தி எகிப்திலிருந்து இந்தியாவுக்கு நேரே கடல் கடக்க வழி கண்டவன் என்று பழைய கிரேக்க நூல் குறிக்கும் மாலுமியின் பெயரும் அதுவே. அந்தப் போக்குவரத்து கட்டுக்கதை அல்ல. எகிப்தின் செங்கடல் துறையான பெரெனிகேயில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடு கிடைத்திருக்கிறது. ஏழரைக் கிலோ மிளகு இருந்த இந்தியச் சாடியும் அங்கேயே அகழ்ந்தெடுக்கப்பட்டது. இந்தப் பக்கம், கடலூருக்கு வடக்கே அரிக்கமேட்டில் 1945-இல் வீலர் தோண்டியபோது ரோமானியப் பாண்டங்கள் வெளிவந்தன. கல்கியின் காதலர்களைவிட சாண்டில்யனின் காதலர்கள் கொஞ்சம் துணிச்சல்காரர்கள். வர்ணனை நீளும் இடங்களில் வீட்டுப் பெரியவர்கள் பக்கத்தைத் தள்ளிவிடுவார்கள்.

1999-இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாயின. அதன்பின் பல பதிப்பகங்கள் ஐந்து பாகங்களையும் அச்சிட்டன. 2022-இலும் 2023-இலும் மணிரத்னத்தின் திரைப்படங்கள் வந்தன. கதையில் ஆதித்த கரிகாலன் மடியும் கடம்பூர் மாளிகை இன்று இல்லை. மேலக்கடம்பூரில் பார்க்க இருப்பது தேர் வடிவக் கற்கோயில். அது முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கரிகாலன் இறந்து நூறாண்டுக்கும் மேல் கழித்துக் கட்டப்பட்டது.